காப்பணி, சமன்மாற்று, சாய்மாற்று: மூன்று சொற்கள் முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம்.

> 'கம்ப்யூட்டர் டீம்' என்றே விட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரிகிறதே?

பேச்சுக்கு அது போதும். நம் பேஸ்பால் கணினி விளையாட்டு லீகின் விதிகளைத் தமிழில் எழுத உட்காரும்போதுதான் இடிக்கிறது. போன வாரம் முழுக்க அந்த வேலையில் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' 1999இல் வந்த கணினி விளையாட்டு. இதில் மட்டையும் பந்தும் நம் கையில் இல்லை. நாம் அணியின் பொது மேலாளர். யாரை எடுப்பது, என்ன சம்பளம் கொடுப்பது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்பதுதான் ஆட்டமே. இணைய லீகில் 30 அணிக்கும் 30 பேர் எப்போதும் இருக்கமாட்டார்கள். ஒருவர் விலகினால், அடுத்தவர் வரும்வரை அந்த அணியை மென்பொருள் நடத்தும். அதைத்தான் 'கம்ப்யூட்டர் டீம்' என்கிறோம்.

வீரர் பரிமாற்றத்தில்தான் வம்பு வருகிறது. மென்பொருள் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மதிப்புப் போட்டு, இரண்டு தட்டையும் எடை பார்க்கிறது. 'மிக எளிது' முதல் 'மிகக் கடினம்' வரை அதன் கறாரை மாற்றி வைக்கலாம். ஓட்டை முழுதாக அடைபடாது. ஒரு மேலாளர் நள்ளிரவில் உட்கார்ந்து பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டு, மென்பொருள் எப்போது தலையாட்டும் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். மனிதரிடம் பத்தாவது தடவை கேட்டால் போனை வைத்துவிடுவார். இதற்குச் சலிப்பு கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஓர் அணியை நான் எடுத்தேன். முதல் நாள் பட்டியலைத் திறந்தேன். முதல் தளம் (ஃபர்ஸ்ட் பேஸ்) என்ற ஒரே ஆட்ட இடத்துக்கு மட்டும் நான்கு பேர், நால்வருக்கும் 33 வயதுக்கு மேல், இன்னும் மூன்று வருட ஒப்பந்தம் பாக்கி. இளம் பந்துவீச்சாளர்கள் ஒருவரும் இல்லை. பரிமாற்றப் பதிவைப் புரட்டினால், ஒரே மாதத்தில் ஒரே ஆளுடன் ஐந்து பரிமாற்றம். அதில் ஒன்றில் 19 வயதுப் பையன் ஒருவன் போய், இரண்டு முதல்தளக்காரர்கள் வந்திருந்தார்கள். விதிப்படி எல்லாம் சரி. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

'கணினி அணி' என்று இங்கே பரிந்துரைத்தார்கள். மகளிர் அணி, இளைஞர் அணி, தகவல் தொழில்நுட்ப அணி என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது கட்சிப் பிரிவு போலக் கேட்கிறது. 'ஆளில்லா அணி' ஆளில்லா விமானத்தின் சாயலில் வந்தது. ஆனால் இந்த அணியில் வீரர்கள் நிறைய இருக்கிறார்கள், மேலாளர்தான் இல்லை. எதிர்ச்சொல்லாக 'ஆளணி'யும் ஆகாது, இலங்கையில் அது பணியாளர் தொகுதியைக் குறிக்கும் அலுவலகச் சொல். 'அனாதை அணி'யை ஒருவருக்கும் சொல்ல மனம் வராது.

நான் முன்வைப்பது 'காப்பணி'. காப்பில் இருக்கும் அணி. இது மைனர் சொத்து மாதிரி. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, பெற்ற தகப்பனே ஆனாலும் மைனரின் வீட்டையோ நிலத்தையோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. பையன் வளர்ந்து வந்து கேட்பான் என்பதுதான் காரணம். காப்பணிக்கும் நாளைக்கு ஒருவர் வருவார்.

நிஜ விளையாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2010 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் கூடைப்பந்து அணியை அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவே வாங்கி நடத்தியது. அடுத்த டிசம்பரில் அதன் நட்சத்திர வீரர் கிறிஸ் பால் லேக்கர்ஸ் அணிக்குப் போக, மூன்று அணிகள் பேசி முடித்த பரிமாற்றத்தை லீகின் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் ஏற்க மறுத்தார். சில நாளில் பால் கிளிப்பர்ஸ் அணிக்குப் போனார். ஸ்டெர்ன் செய்தது சரியா என்று இன்றும் சண்டை நடக்கிறது. நான் சரி என்பேன், அப்போது அந்த அணிக்கு உரிமையாளர் இடத்தில் இருந்தது அவர்தான்.

பேஸ்பாலில் இதற்கு மறுபக்கம் உண்டு. 2002இல் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணி, பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீக்கின் கையில் இருந்தது, அணியைக் கலைத்துவிடுவார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம். அந்த ஜூனில் பந்துவீச்சாளர் பார்ட்டோலோ கொலோன் வேண்டுமென்று கிளிஃப் லீ, கிரேடி சைஸ்மோர், பிராண்டன் பிலிப்ஸ் என மூன்று இளைஞர்களைக் கிளீவ்லாந்து அணிக்குக் கொடுத்தார்கள். மூவரும் பின்னால் லீகின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். நாளை இல்லை என்று நினைக்கும் அணி நாளையைத்தான் முதலில் விற்கும்.

'காப்பணி' காப்பு அணிவதை நினைவூட்டும் என்பீர்கள். காப்பகம், காப்பீடு, காப்புரிமை மூன்றையும் யாரும் வளையலோடு குழப்பிக்கொள்வதில்லையே.

அடுத்தது பரிமாற்றம். ஐபிஎல் செய்திகளில் 'டிரேட்' ஒட்டிவிட்டது, அதைப் பிடுங்க வேண்டாம். ஆனால் நியாயமானது, நியாயமற்றது என்று பிரிக்கக் குறுஞ்சொல் வேண்டும். 'ஆள்மாற்று' சொன்னதும் ஆள்மாறாட்டம் வந்து நிற்கிறது. 'நேர்மாற்று' நேர்மாறாகத் திரியும். 'நிகர்மாற்று' நல்ல சொல்தான், கணக்காளர்கள்தான் நிகர லாபத்தை நினைப்பார்கள். பண்டமாற்று நமக்குப் பழகிய சொல் என்பதால் 'மாற்று' இருக்கட்டும். தட்டு சமமாக நின்றால் 'சமன்மாற்று', சாய்ந்தால் 'சாய்மாற்று', சாய்தளம் போல.

> மொட்டையடிக்கிறான் என்றுதானே சொல்கிறோம், 'மொட்டை மாற்று' வைக்கலாமே?

அரட்டையில் நானும் அதையே சொல்கிறேன். விதியில் வைத்தால் ஒவ்வொரு விசாரணையும் வசவாக முடியும். 'ஏய்ப்பு மாற்று'ம் வேண்டாம். ஏமாற ஒரு மனம் இருந்தால்தானே ஏய்ப்பு? சாய்மாற்று தட்டைப் பற்றி மட்டும் பேசுகிறது, நோக்கத்தைக் கிளறுவதில்லை.

எழுதிப் பார்த்த விதி இது: "காப்பணியிடமிருந்து வீரரைப் பெறும் மேலாளர், அது சமன்மாற்று என்று காட்டும் பொறுப்புடையவர். ஆணையர் ஒப்பாதவரை மாற்று செல்லாது. ஒரு பருவத்தில் ஒரு காப்பணியோடு ஒரு மாற்றுக்கு மேல் கூடாது." மென்பொருள் ஒத்துக்கொண்டது என்பது இங்கே சாட்சியம் ஆகாது. இந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை சொல்லும் தேடினேன்.

இன்னொரு சொல் பாக்கி. ஆகாத ஒப்பந்தத்தைக் காப்பணியின் தலையில் கட்டிவிட்டு, தன் சம்பள பட்ஜெட்டில் இடத்தைக் காலி செய்துகொள்வது. 'சுமை இறக்கல்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், ஆனால் லாரியில் மூட்டை இறக்குவது போல இருக்கிறது. வேறு தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று விதிகளை லீகில் வைக்கவேண்டும்.