65 லிட்டர் பையில் தோள் வலி, ஸ்லீப்பிங் பேக்கில் முதுகுக் குளிர்: திருப்பி அனுப்பவா, வைத்துக்கொள்ளவா?

பென்னாகரத்தான்:
வணக்கம். சொந்த ஊர் பென்னாகரம், வேலை ஓசூரில். டிசம்பர் கடைசியில் கூட வேலை செய்யும் மூன்று பேரோடு உத்தரகாண்டில் கேதார்காந்தா மலை ஏறப் போகிறோம். பனியில் நடப்பதும் டென்ட்டில் படுப்பதும் எனக்கு இதுதான் முதல் தடவை. தீபாவளிச் சலுகையில் ஆன்லைனில் 65 லிட்டர் முதுகுப் பை ஒன்றும், உறை மேல் "மைனஸ் 10" என்று பெரிதாகப் போட்ட ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் படுக்கை) ஒன்றும் வாங்கினேன்.

போன சனிக்கிழமை இரண்டையும் சோதித்துப் பார்க்க வத்தல்மலையில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பையை மாட்டிக்கொண்டு ரோட்டோடு நடந்தேன். நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே இரண்டு தோளும் எரிய ஆரம்பித்துவிட்டன. தலையில் விறகுக் கட்டோடு வந்த ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போகும்போது, "ஏந் தம்பி, ஊரையே காலி பண்ணிட்டியா?" என்று கேட்டார். பாதி வழியில் ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டேன்.

ராத்திரி திண்ணையில் படுத்தேன். சிமெண்டுத் தரை, அதன் மேல் கோரைப்பாய், அதன் மேல் ஸ்லீப்பிங் பேக். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தபோது நெஞ்சுப் பக்கம் கதகதப்பாக இருந்தது, முதுகு ஐஸ் கட்டி மாதிரி. வத்தல்மலைக்கே இப்படி என்றால் அங்கே என்ன ஆவேன்? திருப்பி அனுப்ப இன்னும் ஆறு நாள் இருக்கிறது. இரண்டுமே மட்டமான சரக்கா?

மாங்கனி_கிருஷ்ணகிரி:
சரக்கைக் குறை சொல்வதற்கு முன் சில கேள்விகள். உங்கள் உயரம், எடை என்ன? பையின் எடை என்ன? இடுப்புப் பட்டையைக் கட்டினீர்களா? ஸ்லீப்பிங் பேக்கின் உள்ளே தையலோரம் ஒரு வெள்ளைத் துணிச் சீட்டு இருக்கும். அதில் மூன்று எண்கள் இருந்தால் எழுதுங்கள்.

பென்னாகரத்தான்:
உயரம் 5 அடி 10 அங்குலம், எடை 62 கிலோ. பையோடு மெஷினில் ஏறி நின்று என் எடையைக் கழித்துப் பார்த்தேன், 16 கிலோ. (இரண்டு ஜீன்ஸ், ஒரு போர்வை, இரண்டு பவர் பேங்க், அம்மா கொடுத்த முறுக்கு டப்பா எல்லாம் சேர்த்து.) இடுப்புப் பட்டை வயிற்றை அழுத்தியது, அதனால் சும்மா தொங்கவிட்டேன். சீட்டில் கம்ஃபர்ட் 8, லிமிட் 4, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 10 டிகிரி என்று இருக்கிறது.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
அந்தத் தொங்கவிட்ட பட்டையில்தான் பாதி விடை இருக்கிறது.

சின்ன வயதில் உப்பு மூட்டை தூக்கியிருப்பீர்கள். குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினால் இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டும். அதே குழந்தையை ஒரு எம்பு எம்பி இடுப்பில் உட்கார வைத்துவிட்டால் ஊர்க்கோடி வரைக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். பெரிய பையும் அப்படித்தான். சுமையில் பெரும்பங்கு இடுப்பில் உட்கார வேண்டும். தோள் பட்டைக்கு, பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வதுதான் வேலை. நீங்கள் 16 கிலோவையும் தோளிலேயே தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

பட்டை வயிற்றை அழுத்தியது என்றால் கட்டிய இடம் தப்பு. பேன்ட் பெல்ட் கட்டும் இடம் இல்லை. இரண்டு பக்கமும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு கைக்குத் தட்டுப்படும் அல்லவா, பட்டையின் மெத்தை அந்த எலும்பைக் கவ்வி உட்கார வேண்டும். எல்லாப் பட்டையையும் தளர்த்திவிட்டு முதலில் இடுப்பை இறுக்குங்கள். அப்புறம் தோள், அப்புறம் தோளுக்கு மேலே பையின் உச்சியோடு சேரும் குட்டிப் பட்டை, கடைசியில் நெஞ்சுப் பட்டை.

சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. உங்களுக்கு 12 கிலோ சொச்சம். ஜீன்ஸை வீட்டிலேயே விடுங்கள், பனியில் ஒரு தடவை நனைந்தால் ஊர் திரும்பும்வரை காயாது. முறுக்கு உங்கள் இஷ்டம்.

தளி_டெய்லர்:
அளவு எடுப்பது என் தொழில், அதனால் ஒரு வார்த்தை. பைக்கு உங்கள் உயரம் முக்கியம் இல்லை தம்பி, முதுகின் நீளம்தான் முக்கியம். தலையைக் குனிந்தால் கழுத்துக்கு அடியில் ஒரு எலும்பு மொட்டு மாதிரி துருத்தும். அதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டினால், அவை இரண்டும் சேரும் கோடு முதுகுத்தண்டைத் தொடும் இடம்வரை டேப் வர வேண்டும். தனியாக எடுக்க முடியாது, யாரையாவது பிடிக்கச் சொல். கால் நீளமாக வளர்ந்து முதுகு குட்டையாக இருக்கும் ஆட்களை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு ரெடிமேட் சட்டையும் ஒத்து வராது.

பென்னாகரத்தான்:
அண்ணா, ரூம் நண்பனை விட்டு அளந்தேன். 17 அங்குலம்தான்! அவன் என்னைவிட நாலு அங்குலம் குட்டை, அவனுக்கு 18. பையைப் பார்த்தால் முதுகுப் பக்கம் ஏணி மாதிரி தையல், ஓரத்தில் எஸ், எம், எல் என்று குறி. எல்-இல் நிற்கிறது. நகருமா இது?

மாங்கனி_கிருஷ்ணகிரி:
நகரும். தோள்பட்டைக்குப் பின்னால் உள்ளே வெல்க்ரோ இருக்கும். கையால் பிய்த்தால் வராது. தோசைத் திருப்பியை உள்ளே விட்டு மெல்ல ஓட்டினால் இரண்டு பக்கமும் பிரியும். அப்புறம் கீழே இறக்கி, திருப்பியை உருவிவிட்டு அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
என் கருத்து வேறு. நாலு நாள் மலைக்கு 65 லிட்டர் எதற்கு? 50 போதும், திருப்பி அனுப்புங்கள். பானை பெரிதாக இருந்தால் களியும் பெரிதாகத்தான் கிண்டுவோம். இடம் இருக்கிறதே என்று போர்வையைத் திணித்தது அதனால்தானே?

மாங்கனி_கிருஷ்ணகிரி:
அது உண்மைதான். ஆனால் முதுகுக்குச் சரியாக உட்கார்ந்துவிட்டால் நான் மாற்றச் சொல்ல மாட்டேன். பக்கவாட்டுப் பட்டைகளை இழுத்துக் கட்டினால் 65-உம் சுருங்கும். குளிருக்கான துணி அடைக்க இடம் வேண்டும் இல்லையா.

அஞ்செட்டி_அக்கா:
நான் இரண்டு தடவை இமயமலைப் பக்கம் போய் வந்தவள், குளிர் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

முதலில் திண்ணை. ஸ்லீப்பிங் பேக்கில் அடுப்பு எதுவும் இல்லை. நம் உடம்புச் சூட்டைப் பஞ்சுக்குள் அடைபட்ட காற்று வெளியே விடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் படுத்த இடத்தில் பஞ்சு நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். அப்புறம் முதுகுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் ஒரு கோரைப்பாய்தான். கோரைப்பாய் கோடைக்குச் செய்தது, குளிர்ச்சி தருவதுதான் அதன் பெருமையே! நுரை விரிப்பு வேண்டும். விரிப்பின் குளிர் தாங்கும் திறனை ஆர் மதிப்பு என்பார்கள். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இரண்டின் மதிப்பும் கூடும். பனித்தரைக்கு 4, 5 ஆவது வேண்டும். மெல்லிய நுரை விரிப்பு ஒன்று மட்டும் போதாது.

அடுத்தது அந்த மூன்று எண்கள். அவை ஐஎஸ்ஓ 23537 என்ற அளவுமுறையில் வருபவை. கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கும் வெப்பநிலை. லிமிட் என்பது சராசரி ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ தூங்கிவிடும் வெப்பநிலை. எக்ஸ்ட்ரீம் தூங்குவதற்கான எண்ணே இல்லை, உயிர் பிழைத்தால் போதும் என்கிற எண். அந்த மைனஸ் 10-ஐத்தான் உங்களிடம் உறை மேல் போட்டு விற்றிருக்கிறார்கள். கேதார்காந்தா உச்சி சுமார் 12,500 அடி. டிசம்பர் இரவில் முகாம்களில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போவது சாதாரணம். கம்ஃபர்ட் 8 அங்கே செல்லாது.

பென்னாகரத்தான்:
அப்போ கம்ஃபர்ட் மைனஸ் போட்டதாகத் தேட வேண்டுமா? வாத்து இறகு வைத்தது விலையைப் பார்த்தாலே வேர்க்கிறது.

அஞ்செட்டி_அக்கா:
வாங்கவே வேண்டாம். டென்ட், சாப்பாடு ஏற்பாடு செய்பவர்களிடம் ஸ்லீப்பிங் பேக்கும் விரிப்பும் அவர்கள் தருவதில் சேர்த்தியா என்று இன்றைக்கே கேளுங்கள். பலர் தருவார்கள். இல்லையென்றால் மலை ஏறத் தொடங்கும் சாங்க்ரியிலேயே வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது உள்ளே கையை விட்டுத் தடவுங்கள், பஞ்சு ஒரு மூலையில் கட்டியாக ஒதுங்கியிருந்தால் வேறு கேளுங்கள். ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள்.

இறகு எடை குறைவு, நன்றாக அமுங்கும், ஆனால் நனைந்தால் உப்பலை இழந்து உபயோகமில்லாமல் போய்விடும். செயற்கைப் பஞ்சு கனம்தான், ஈரத்தில் அவ்வளவு மோசம் போகாது. பனிக்காலம் முடிந்து நம் பக்கம் சுற்றுவதற்கு வேண்டுமானால் ஒரு செயற்கைப் பஞ்சுப் பை வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால் சுருட்டியே பரணில் போட்டுவிடாதீர்கள், உப்பல் செத்துவிடும். பழைய தலையணை உறை மாதிரி பெரிய துணிப்பையில் தளர்வாக வையுங்கள்.

படுக்கும்போது வெந்நீர் பாட்டில் ஒன்றை மூடியை நன்றாகத் திருகிக் கால்மாட்டில் போடுங்கள், காய்ந்த சாக்ஸ் மாற்றுங்கள். பசியோடு படுக்காதீர்கள், குளிர் இரட்டிப்பாகத் தெரியும். வாடகைப் பைக்குள் போட்டுக்கொள்ள ஒரு உள்ளுறை மட்டும் வீட்டிலேயே தைத்துக்கொண்டு போங்கள். சுத்தத்துக்குச் சுத்தம், கொஞ்சம் கதகதப்பும் கூடும்.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
அடுத்த சோதனைக்கு ராயக்கோட்டை கோட்டை ஏறுங்கள், ஓசூரிலிருந்து பக்கம்தான். எடைக்குத் தண்ணீர் பாட்டில்களை வையுங்கள், உச்சியில் கொட்டிவிட்டால் இறங்கும்போது முட்டி தப்பிக்கும். பயிற்சி என்று அஞ்செட்டிக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போய்ப் படுத்துவிடாதீர்கள். காவேரி வடக்கு சரணாலயம், யானை நடமாட்டம் உள்ள இடம்.

பென்னாகரத்தான் (எட்டு நாள் கழித்து):
தோசைத் திருப்பி வேலை செய்தது. எல்-இலிருந்து எம்-க்கு இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமை 11 கிலோவோடு ராயக்கோட்டை ஏறி இறங்கினேன். தோளில் ஒன்றும் இல்லை, இடுப்பெலும்பின் மேல் மட்டும் லேசாகச் சிவந்திருக்கிறது. தண்ணீரையும் இன்னொரு டப்பாவையும் பையின் நடுவில் முதுகோடு ஒட்டி வைத்தேன், பின்பக்கம் இழுக்கவே இல்லை. பை என்னிடமே இருக்கட்டும். ஸ்லீப்பிங் பேக்கைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மலைக்கு ஏற்பாடு செய்பவர் விரிப்பு இரண்டும் ஸ்லீப்பிங் பேக்கும் தருகிறாராம்.

உள்ளுறைக்குப் பெரியம்மா பழைய நூல் சேலை ஒன்றைத் துவைத்துக் கொடுத்திருக்கிறார். டெய்லர் அண்ணா, பை மாதிரி மூன்று பக்கமும் தைத்துவிடவா?

தளி_டெய்லர்:
சேலையின் நீளம் பாதியாகும்படி இரண்டாக மடி. மடிப்பு கால் பக்கம் வரட்டும், அங்கே தையல் வேண்டாம். இரண்டு பக்கவாட்டையும் தை, ஒன்றில் மட்டும் மேலிருந்து ஒன்றரை முழம் தைக்காமல் விடு, நடுராத்திரி எழுந்து வெளியே போக வேண்டி வந்தால் தடுக்கி விழ மாட்டாய். கால் பக்கத்து மூலைகளில் மட்டும் தையலை இரண்டு தடவை ஓட்டு, உதைத்து உதைத்து அங்கேதான் முதலில் பிரியும்.