கலங்கல் தண்ணீரில் வழிகாட்டிக் கயிறு: அம்புக்குறி நழுவுகிறது

பூம்புகாருக்கு நேரே கடலில், 12 மீட்டர் ஆழத்தில் ஸ்கூபா பழகுகிறோம். தை பிறந்தும் முகத்துவாரப் பக்கம் தண்ணீர் தெளியவில்லை, நீட்டிய கை தெரிவதில்லை. வழி தவறாமல் திரும்ப, படகின் நங்கூரக் கயிற்றிலிருந்து 2 மி.மீ. பின்னல் நைலான் கயிறு. 3 மீட்டருக்கு ஒரு முடிச்சு. திரும்பும் திசையைக் காட்ட பிளாஸ்டிக் அம்புகள். நீரோட்டம் இழுத்தால் அம்பு நழுவி அடுத்த முடிச்சில் போய் நிற்கிறது, சிலது கழன்றே போகிறது.

அம்பில் கயிறு மாட்டும் வெட்டில் கூடுதலாக ஒரு சுற்று சுற்றினோம், ரப்பர் பேண்ட் போட்டோம். ஈயக்குண்டு கட்டியதில் தொய்வு குறைந்தது, அவ்வளவுதான். கயிற்றை இறுக்கிக் கட்டப் பாறையும் இல்லை, அடியில் முழுக்க வண்டல். முடிச்சு தூரத்தைச் சொல்லும், திசையைச் சொல்லாதே!

சரி, இவ்வளவு மெல்லிய கயிற்றில் அம்பு நகராமல், கையுறையோடு தடவினாலும் திசை புரியும்படி எப்படிப் பொருத்துவது?