மினி பைக்கில் 79 சிசியைக் கழற்றிவிட்டு 212 சிசி போடலாமா?

சின்னச்சக்கரம்:
என்னிடம் இருப்பது குழாய் பிரேம் போட்ட பழைய மினி பைக். சஸ்பென்ஷன் கிடையாது. 79 சிசி எஞ்சின், ஒற்றை கியர், சுழற்சி ஏறினால் தானாகப் பிடிக்கும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச், பின்சக்கரத்தில் மட்டும் பேண்ட் பிரேக். நான் ஏறி உட்கார்ந்தால் சின்ன மேட்டுக்கே மூச்சு வாங்குகிறது. தண்ணீர் பம்ப்பிலிருந்து கழற்றிய 212 சிசி எஞ்சின் ஒன்று கைவசம் இருக்கிறது, நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. எஞ்சின் உட்காரும் பிளேட்டை வெட்டி அகலமாக்கி, வீட்டிலேயே வெல்டிங் வைத்து மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். சாலைக்குக் கொண்டுபோகப் போவதில்லை, சொந்த நிலத்தில் மட்டும்தான் ஓட்டுவேன். செய்யலாமா?

பழைய ஸ்பேனர்:
வேண்டாம் தம்பி. உங்கள் 79 சிசி மூன்று குதிரைத்திறனைத் தாண்டாது. 212 அதைப்போல இரண்டு மடங்கு. அந்த பிரேமைச் செய்தவர்கள் சின்ன எஞ்சினை மனதில் வைத்துத்தான் குழாயின் கனத்தையும் பற்றவைப்பையும் முடிவு செய்திருப்பார்கள். இந்த வகை 200 சிசி எஞ்சின் 16 கிலோ அளவுக்கு வரும். அந்த எடை முழுவதும் நான்கு போல்ட்டில், மெல்லிய பிளேட்டின் மேல் உட்கார்ந்து அதிரும். பிளேட்டை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். அதிர்வு அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும்.

கரிக்கை:
நான் இதே மாற்றத்தை இரண்டு வண்டிகளில் செய்திருக்கிறேன், அதனால் எதிர்த்துச் சொல்கிறேன். பெரிய எஞ்சின் என்றதும் எல்லோரும் வேகத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். வேகத்தை முடிவு செய்வது சிசி இல்லை. சுழற்சியும் பல் விகிதமும்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். முன் ஸ்பிராக்கெட்டில் 10 பல், பின்னால் 60 பல் என்றால் விகிதம் 6. சுழற்சியைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இருக்கும் எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்றைத் தாண்டாது. சக்கரம் 600 சுற்று. டயரின் விட்டம் 355 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 1.11 மீட்டர், ஆக மணிக்கு 40 கிலோமீட்டர். 79 போட்டாலும் அதே 40, 212 போட்டாலும் அதே 40. கூடுவது இழுவை மட்டும்தான். அவர் கேட்பதும் மேட்டில் ஏறும் இழுவையைத்தானே?

பழைய ஸ்பேனர்:
கணக்கு சரி, மனுஷனைக் கணக்கில் சேர்க்கவில்லை. 212 வாங்கிப் போட்டவர்களில் கவர்னரைத் தொடாமல் விட்டவர் யார்? முதல் வாரம் இழுவை இனிக்கும், இரண்டாவது வாரம் கவர்னர் கழன்று கிடக்கும். நானும் அப்படித்தான் செய்தேன்.

கவர்னரை எடுத்துவிட்டு 5500 சுற்றுக்கு மேல் முறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் ஒரு சத்தம், சுத்தியலால் இரும்பை அடித்த மாதிரி. இறங்கிப் பார்த்தால் ஷூ முழுக்க சூடான ஆயில், கிராங்க்கேஸின் பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் இரண்டு துண்டு. இந்த எஞ்சின்களில் ராட் வெறும் அலுமினியம், தனியாக பேரிங் ஓடுகூட இல்லாமல் நேராகக் கிராங்க் பின்னில் ஓடுகிறது. ராட்டை இழுக்கும் விசை சுழற்சியின் வர்க்கத்தில் ஏறும். 3600-லிருந்து 5500-க்குப் போனால் 2.3 மடங்கு. ராட் போனதோடு நான் தப்பினேன். வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் சிதறியிருந்தால் அது என் காலுக்குப் பக்கத்தில்தான் சிதறியிருக்கும்.

கரிக்கை:
அண்ணா, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அங்கே தவறு செய்தது எஞ்சினா, கவர்னரைக் கழற்றிய கையா? கழற்ற வேண்டுமென்றால் முதலில் பில்லட் (முழு உலோகக் கட்டியில் கடைந்தெடுத்த) ராட், பில்லட் ஃப்ளைவீல், கெட்டியான வால்வு ஸ்பிரிங் எல்லாம் போட்டாக வேண்டும். அதற்கு மனமில்லையென்றால் கவர்னரைத் தொடக்கூடாது. சின்னச்சக்கரத்துக்கு நான் சொல்வது இதுதான்: கவர்னர் அப்படியே இருக்கட்டும், எஞ்சினை மாற்றுங்கள்.

இன்னொன்று, பம்ப் எஞ்சின் என்கிறீர்கள். ஷாஃப்ட்டை முதலில் பாருங்கள். சில பம்ப் எஞ்சின்களில் ஷாஃப்ட்டின் நுனி மரை போட்டிருக்கும், கிளட்ச் அதில் உட்காராது. உங்களுக்குத் தேவை சாவிக்காடி வெட்டிய நேரான முக்கால் இஞ்ச் ஷாஃப்ட். பழைய 79-ன் கிளட்ச்சும் வராது, அதன் துளை எட்டில் ஐந்து இஞ்ச்தான்.

செயின்லிங்க்:
இரண்டு பேரும் எஞ்சினையே சுற்றி வருகிறீர்கள். அந்த வண்டி எப்படி நிற்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பேண்ட் பிரேக் என்பது டிரம்மைச் சுற்றி இறுகும் ஒரு பட்டை. டிரம் ஒரு திசையில் சுழலும்போது பட்டையைத் தானே இழுத்து இறுக்கிக்கொள்ளும், மறு திசையில் தளர்த்தும். நிலையாகக் கட்டிய முனை எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது அது. தலைகீழாக மாட்டிய வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லீவரை எவ்வளவு அமுக்கினாலும் பிடிக்காது, ஓட்டுகிறவர் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

அது சரியாக இருந்தாலும் பின்சக்கரம் மட்டும்தான் நிற்கிறது. இவ்வளவு குட்டை வண்டியில் பிரேக் பிடித்ததும் எடை முன்னால் பாயும். பின்சக்கரம் லேசாகி லாக் ஆகும், வண்டி பக்கவாட்டில் வழுக்கும். கரிக்கை சொன்ன 40 கிலோமீட்டரிலேயே இந்த நிலைமை. கவர்னர் கழன்று 5500 சுற்றில் போனால் 61 கிலோமீட்டர், நிறுத்த வேண்டிய ஆற்றல் அதே 2.3 மடங்கு. என்னைக் கேட்டால் எஞ்சினை மூலையில் மூடி வைத்துவிட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக் போட வழி பாருங்கள். அது முடிந்தபிறகு எஞ்சினைப் பற்றிப் பேசலாம்.

சின்னச்சக்கரம்:
முன்பிரேக் பற்றி நான் யோசிக்கவே இல்லை அக்கா, நன்றி. கிளட்ச் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால், டார்க் கன்வெர்ட்டராகவே போட்டுவிடலாமா?

செயின்லிங்க்:
போடலாம். உங்கள் எடைக்கும் மேட்டுக்கும் அதுதான் பொருத்தம். சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் 2000 சுற்றை ஒட்டிப் பிடிக்கும். மேட்டில் மெதுவாக ஏறும்போது பாதி வழுக்கிக்கொண்டே சூடாகி, டிரம் நீலம் பாய்ந்துவிடும். டார்க் கன்வெர்ட்டரில் பெல்ட் தானாக விகிதத்தை மாற்றும், கிளம்பும்போது 2.7, ஓடும்போது 0.9 வரை. ஆனால் கவனியுங்கள்: 0.9 என்றால் கரிக்கை போட்ட 40 இன்னும் கொஞ்சம் ஏறும். பின் ஸ்பிராக்கெட்டில் பல்லைக் கூட்டிச் சரி செய்துகொள்ளுங்கள். செயின் 35-ஆம் எண் என்றால் மாற்றிவிடுங்கள். அரை இஞ்ச் பிட்ச் உள்ள 420 இந்த இழுவையைத் தாங்கும். இரண்டு ஸ்பிராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நேரான கம்பி வைத்துப் பாருங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பழைய ஸ்பேனர்:
பிரேக் விஷயத்தில் செயின்லிங்க் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். பிரேம் விஷயத்தில் நான் மாறவில்லை. தம்பி, ஒரு காரியம் செய்யுங்கள். ஹேண்டில் பார் கழுத்தில், குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பார்த்ததை இங்கே எழுதுங்கள்.

கரிக்கை:
இதில் நானும் அவர் பக்கம். சுரண்டிப் பாருங்கள்.

சின்னச்சக்கரம்:
பார்த்தேன். கழுத்துக்குக் கீழே, வெல்டிங் ஓரத்தை ஒட்டி முடி மாதிரி ஒரு கோடு. பெயின்ட் விரிசல் என்றுதான் முதலில் நினைத்தேன். டீசலைத் தடவி, துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி தூவினேன். பத்து நிமிடத்தில் பொடியில் கறுப்பாக ஒரு கோடு ஊறி வந்தது. இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதன்மேல் வெல்டிங் ஓட்டிவிட்டால் போதுமா?

பழைய ஸ்பேனர்:
போதாது. அந்த எஞ்சினுக்காகச் சொல்லவில்லை, இப்போது இருக்கும் 79-ஐக்கூட ஓட்டாதீர்கள். விரிசலின் இரண்டு முனையிலும் மூன்று மில்லிமீட்டர் துளை போட்டு, கோட்டைக் கிரைண்டரால் வி வடிவில் திறந்து, அடிவரை உருக்கி நிரப்ப வேண்டும். அப்புறம் இரண்டு பக்கமும் முக்கோணத் தகடு. குழாய் மெல்லியது, கையில் ஆர்க் வெல்டிங் மட்டும்தான் இருக்கிறது என்றால் துளைத்துக்கொண்டு போய்விடும். மிக் வெல்டிங் தெரிந்த கையிடம் கொடுங்கள்.

கரிக்கை:
நான் அந்தக் குழாயையே வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்வேன். கழுத்தில் ஒரு முறை விரிசல் விட்ட குழாயை நம்ப மாட்டேன். எடுத்த பிறகு உள்ளே துரு எவ்வளவு என்று பாருங்கள்.

சின்னச்சக்கரம்:
குழாயை மாற்றுகிறேன். இன்று எஞ்சினை இறக்கி, சக்கரங்களையும் கழற்றிவிட்டேன். முன் ஃபோர்க்கில் டிஸ்க் காலிப்பருக்குத் தகடு எந்த உயரத்தில் வர வேண்டும் என்று நாளை அட்டையை வெட்டி வைத்துப் பார்க்கிறேன். அளவெடுத்ததும் எழுதுகிறேன்.