‘ஆப்டிமைஸ்டு’ என்பதற்கு ‘மேம்படுத்திய’ சரியா? ‘வாகாக்கம்’ பற்றி

குழுவினர்க்கு வணக்கம்.

சும்மா கிடக்கும் வீட்டுக் கணினியின் நேரத்தைப் பெரிய ஆய்வுகளுக்குக் கொடுப்பவர்களுக்காக ஒரு வழிகாட்டியைத் தமிழாக்கி வருகிறேன். ‘ஆப்டிமைஸ்டு’ வந்த இடமெல்லாம் ‘மேம்படுத்திய’ என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த மாணவர் ஒருவர், மேம்படுத்தியது என்றால் நல்லதுதானே என்று நம்பித் தம் பழைய கணினியில் அந்த நிரலை நிறுவிவிட்டார். அவருடைய நுண்செயலி அறியாத ஆணைகளைக் கொண்டு எழுதிய நிரல் அது. வந்த பணியலகுகள், அதாவது ஆய்வுத் திட்டம் பிரித்து அனுப்பும் வேலைத் துண்டுகள், அத்தனையும் தொடங்கிய கணமே பிழையாகி நின்றன. என் சொல்தான் அவரைத் தவறான வழியில் அனுப்பியது; அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இப்படித் தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு 1997 முதல் இயங்கும் டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் திட்டத்தைப் பாருங்கள். ஆர்சி5 மறையாக்கத்தின் சாவியைத் தேடி, ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பதுதான் அதன் பெயர்பெற்ற வேலை. 64 பிட் சாவி 1,757 நாட்களுக்குப் பிறகு 2002 ஜூலையில் அகப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 72 பிட் தேடலைத் தொடங்கினார்கள். ஆர்சி5-இன் உயிர், எண்ணின் பிட்டுகளை, ஒரு முனையில் வெளியேறுவது மறுமுனையில் நுழையும்படி, வட்டமாகச் சுழற்றுவதில் இருக்கிறது. ஆகவே சுழற்றும் ஆணை எந்த நுண்செயலியில் எப்படி அமைந்திருக்கிறதோ, அதற்கேற்பவே வேகம் வரும். பவர்பிசி ஜி4 நுண்செயலியில் இருந்த ஆல்டிவெக் பகுதி நான்கு 32 பிட் எண்களை ஒரே ஆணையில், ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவு சுழற்றும். நான்கு சாவிகளை ஒருசேரச் சோதித்துவிடலாம். பென்டியம் 4 நுண்செயலிக்குத் துடிப்பு வேகம் மிகுதி. ஆனால் சுழற்றுவதில் அது மந்தம். அதன் எஸ்எஸ்இ2 என்ற ஆணைத் தொகுதியில் அப்படியோர் ஆணையே இல்லை. பிட்டுகளைப் பலமுறை நகர்த்தி, பிறகு இணைத்துத்தான் அதே விளைவைப் பெற வேண்டும்.

இதனால் அத்திட்டத்தின் மென்பொருள் ஒரே வேலைக்குப் பல உட்கருக்களை, அதாவது வெவ்வேறு நுண்செயலிகளுக்கென எழுதிய கணக்கிடும் நிரல்பகுதிகளை, சுமந்து வந்தது. நுண்செயலி இன்னதென்று தெரியாவிட்டால், ஒவ்வோர் உட்கருவையும் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்து, முந்துவதைத் தேர்ந்துகொள்ளும். ஒரு கணினியில் முந்துவது அடுத்ததில் பின்தங்கும். சிலவற்றில் ஓடவே ஓடாது. இதை எப்படி ‘மேம்பாடு’ என்பது?

நான் முன்வைக்கும் சொல் வாகாக்கம். அரிவாள் கைக்கு வாகாக இருக்கிறது என்கிறோம். வேறொருவர் கைக்கு அதே அரிவாள் வாகாக இராது. தையற்காரர் உடல்வாகு பார்த்துத் துணி வெட்டுகிறார். யாருக்கு, எதற்கு என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வாகாக்கு, வாகாக்கிய, வாகாக்கம் என்று வினையும் பெயரும் இயல்பாகவே கிளைக்கின்றன.

--

> ‘ஆப்டிமைசேஷன்’ என்பதற்கு ‘உகப்பாக்கம்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? மேலும், ‘யாருக்கு’ என்ற கேள்வி ‘உகந்த’ என்பதிலும் உண்டு. முருகனுக்கு உகந்த நாள் என்கிறோமே. ‘வாகு’ என்றால் தோள் என்றும் பொருள், குழப்பம் வரும்.

ஐயா, முருகனுக்கு உகந்த நாள் என்னை அசைத்துவிட்டது. ‘உகந்த’ என்ற பெயரெச்சம் நான்காம் வேற்றுமையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் அதைக் கவனிக்கத் தவறியிருந்தேன். ஆனால் ‘உகப்பாக்கம்’ ஆனதும் அந்தப் பிடி நழுவிவிடுகிறது. கணிதத்தில் மீப்பெரு, மீச்சிறு மதிப்பைத் தேடுவதற்கு அது பொருத்தமான பெயர், அங்கேயே இருக்கட்டும். ‘நிரல் உகப்பாக்கப்பட்டது’ என்று படிப்பவர் ‘எதற்கு?’ என்று கேட்க மாட்டார். என் மாணவரும் கேட்டிருக்க மாட்டார். ‘வாகாக்கியது’ என்றால் ‘எதற்கு வாகாக?’ என்ற கேள்வி நாவுக்கு வந்துவிடும்.

தோள் என்னும் பொருள் ‘வாகுவலயம்’ போன்ற பழைய வழக்குகளில்தான் இன்று எஞ்சியிருக்கிறது. ‘உடல்வாகு’ என்று கேட்டு யாரும் தோளை மட்டும் நினைப்பதில்லை.

ஆனாலும் உங்கள் ‘உகந்த’ என்பதை இடைமுகத்தில் எடுத்துக்கொள்கிறேன். தரவிறக்கப் பக்கத்தில் ‘உங்கள் நுண்செயலிக்கு உகந்த நிரல்’ என்றே இருக்கட்டும்; ‘வாகாக்கிய’ என்பதை அங்கே முதன்முதலாகப் பார்ப்பவர் திகைக்கலாம். நிரலர்களுக்கான பகுதியில், அந்தச் செயல்முறையின் பெயராக ‘வாகாக்கம்’ வரட்டும்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. தொடக்கத்தில் உட்கருக்களைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்ப்பதை ‘குறுஞ்செயல்திறன் மதிப்பீடு’ என்று எழுதிவைத்திருக்கிறேன். படிக்கவே மூச்சு வாங்குகிறது. ‘வாகு பார்த்தல்’ என்றால் போதாதா? செயற்பதிவில் அந்த வரி இப்படி வரும்:

“நுண்செயலி அடையாளம் தெரியவில்லை. வாகு பார்க்கப்படுகிறது.”

இதற்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அந்தப் பகுதியை இன்னும் அச்சுக்கு அனுப்பவில்லை.