பட்டணம் என்ற சொல் எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் பாட்டி கடைசிவரை சென்னை என்று சொன்னதே இல்லை. "பட்டணத்துக்குப் போயிருக்கான்" என்றுதான் சொல்வார். சென்னப்பட்டணம் என்ற முழுப்பெயரின் முன்பாதி உதிர்ந்து பின்பாதி மட்டும் நின்றுவிட்டது என்று இதற்கு நானாக ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

அப்புறம் பட்டினம் என்ற சொல் குழப்பியது. காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், காயல்பட்டினம் எல்லாமே கடற்கரை ஊர்கள். சங்க நூலான பட்டினப்பாலையில் வருவதும் துறைமுக நகரம்தான். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணம் கடலே இல்லாத, காவிரி நடுவே உள்ள ஊர். ஆதீனங்களின் (சைவ மடங்களின்) தலைவர் பல்லக்கில் ஊர்வலம் வரும் பட்டணப் பிரவேசத்திலும் பட்டணம் என்றால் வெறும் ஊர்தான்.

சரி, என் கேள்வி இதுதான். பட்டினம்தான் பேச்சில் பட்டணம் ஆனதா, அல்லது சமஸ்கிருதத்தின் 'பத்தன' என்ற சொல்லிலிருந்து தனியாக வந்ததா? பட்டி என்ற ஊர்ப்பெயரோடு இதற்கு உறவு உண்டா? கல்வெட்டுச் சான்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

இன்னொன்று: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பட்டணம் என்றால் எந்த ஊரைச் சொன்னார்கள்? சென்னையையா, பக்கத்து டவுனையா? மாவட்டத்தோடு எழுதுங்கள், தயவுசெய்து.