புதுப்பிப்பு: வியர்வையை எடை போட்டுப் பார்த்தேன்

90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தபின் ஓடினால் தலை சுற்றுகிறது, வெறும் தண்ணீர்தான் குடிக்கிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வியர்வையை எடை போடச் சொன்னீர்கள். சரி, செய்துவிட்டேன்.

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்க இரண்டு மணி நேரம். கிளம்பும்போது 68.4 கிலோ, திரும்பியபோது 66.8. நடுவில் குடித்தது ஒரு லிட்டர். அப்படியென்றால் மணிக்கு 1.3 லிட்டர் வியர்வை! கறுப்பு பனியனில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது.

இப்போது மணிக்கு ஒரு 750 மில்லி பாட்டில்: 60 கிராம் சர்க்கரை, ஒன்றரை கிராம் உப்பு, அரை எலுமிச்சை. இழந்தது முழுவதையும் குடிக்கத் தேவையில்லை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், அது உயிருக்கே ஆபத்து. இறக்கத்தில் இரண்டு கையும் பிரேக்கில், அதனால் ஏறும்போதே குடித்துவிடுகிறேன்.

நேற்று இறங்கியதும் 10 கிலோமீட்டர் ஓடினேன். தலை சுற்றவில்லை. கடைசியில் வயிறு மட்டும் கொஞ்சம் கனத்தது. ஞாயிறு சர்க்கரையை 50 கிராமாக்கிப் பார்க்கிறேன்.