அக்கா மகளுக்குச் செல்வமகள் கணக்கு, திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவசரம்

ராயபுரம்_மாமா:
பெண் பிள்ளைகளுக்கான அந்தச் சேமிப்புக் கணக்கைத் தொடங்க அரை நாள் லீவு போட்டு அஞ்சலகம் போனேன். படிவத்தைப் பார்த்ததும் "உங்களால் முடியாது, அடுத்த ஆள் வாங்க" என்றுவிட்டார்கள். மாதம் 1,000 நான்தான் கட்டப்போகிறேன். ஆதார், போட்டோ எல்லாம் இருந்தது. என்ன செய்வது?

மணிக்கூண்டு:
யாருடைய ஆதார்? பாப்பாவுக்கு என்ன வயது? அம்மா அப்பா இருக்கிறார்களா?

ஜி.ஏ.ரோடு:
சர்வர் படுத்திருக்கும். அதைச் சொல்ல மாட்டார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள்.

வட்டிக்கணக்கு:
தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். 2015இல் வந்த திட்டம், இன்னும் இதே கேள்வி. பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர்தான் தொடங்க முடியும். தாய்மாமன் அந்தப் பட்டியலில் இல்லை.

காசிமேட்டான்:
காது குத்த மாமன் மடி வேணும், சீருக்கு மாமன் வேணும், கணக்குத் தொடங்க மட்டும் ஆகாதாம்.

தண்டையார்பேட்டை_தங்கம்:
எதற்கு அலைச்சல்? நகைச் சீட்டு போடுங்கள். பதினோரு மாதம் கட்டினால் சேதாரத்தில் கழிவு. மஞ்சள் நீராட்டுச் சீருக்கும் ஆச்சு.

மணிக்கூண்டு:
படிப்புக்கா சீருக்கா என்றே அவர் சொல்லவில்லையே.

காசிமேட்டான்:
என் தங்கச்சி மகள் காலேஜ் ஃபீஸுக்கு வளையலை அடகு வைத்தோம். ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது, வளையல்தான் இல்லை.

தண்டையார்பேட்டை_தங்கம்:
அவசரத்துக்கு வளையல் இருந்ததா இல்லையா? உங்கள் பாஸ்புக்கை எந்தச் சேட்டு வாங்குவார்?

ஜி.ஏ.ரோடு:
செல்வமகள்தான் நல்லது. பொண்ணுக்கு 21 வயதில் மொத்தமாக வரும்.

வட்டிக்கணக்கு:
21 வயதில் இல்லை ஐயா. கணக்குத் தொடங்கி 21 வருடம் ஆன பிறகு. பணம் கட்டுவது முதல் 15 வருடம். மாதம் 1,000 என்றால் கட்டுவது 1,80,000. 8.2% வட்டி கடைசிவரை அப்படியே இருந்தால் முடிவில் ஐந்தரை லட்சம் போல வரும். வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு மாற்றலாம், அதனால் இதை எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

ராயபுரம்_மாமா:
மன்னிக்கணும், ஆதார் என்னுடையது. பாப்பாவுக்கு 9 வயது, அடுத்த மாதம் 10. காலேஜுக்குத்தான். மச்சான் லாஞ்சில் தங்கு கடலுக்குப் போயிருக்கிறார், வர நாளாகும். அதனால்தான் நான் போனேன்.

மணிக்கூண்டு:
இதை முதலில் சொல்லக் கூடாதா! 10 வயது நிறைந்தால் கதவு மூடிவிடும். மச்சானுக்காகக் காத்திருக்க வேண்டாம், அம்மா போதும். அக்காவை அழைத்துக்கொண்டு நாளைக்கே போங்கள். பிறப்புச் சான்றிதழ், அக்காவின் ஆதார், பான், 250 ரூபாய். அப்புறம் மாதாமாதம் 5ஆம் தேதிக்குள் பணத்தைப் போட்டுவிடுங்கள், அந்த மாத வட்டி விட்டுப்போகாது.

ஒன்று யோசியுங்கள். இப்போது தொடங்கினால் முதிர்வின்போது அவளுக்கு வயது 30. 18 வயதிலோ பத்தாவது முடித்தாலோ படிப்புக்கென்று பாதிவரை எடுக்கலாம், அவ்வளவுதான். முதல் வருட ஃபீஸுக்கு உங்கள் பெயரிலேயே ஒரு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டு அவளை நாமினியாக வையுங்கள். அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

தண்டையார்பேட்டை_தங்கம்:
30 வயது! அதற்குள் தங்கம் எங்கே போயிருக்கும் தெரியுமா?

காசிமேட்டான்:
அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

ராயபுரம்_மாமா:
அக்கா கையெழுத்தில் தொடங்கியாச்சு. நன்றி. சர்வர் நன்றாகத்தான் இருந்தது.

ஜி.ஏ.ரோடு:
எத்தனை மணிக்குப் போனீர்கள்?